கம்மட்டப் பிழையா, பிற்காயமா?

நாகர்கோவிலிலிருந்து:

வணக்கம். இணைய ஏலத்தில் ‘எரர் காயின்’ என்று விலை ஏற்றி விற்கப்படும் காசுகளில் பல, அடிக்கும்போது பிழைபட்டவையே அல்ல. வெளியே வந்த பிறகு வெட்டுப்பட்டவை, நசுக்கப்பட்டவை, அமிலத்தில் ஊறியவை. தமிழில் எழுதுகிற நாமும் இரண்டையும் ‘பிழைக்காசு’ என்றே எழுதிவருகிறோம். அதனால் விற்பவருக்கு வசதி, வாங்குபவருக்கு நஷ்டம். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

‘அச்சுப்பிழை’ என்றால் வாசிப்பவர் மனம் புத்தகத்துக்குப் போய்விடும். ‘வார்ப்புப் பிழை’ விஷயத்துக்கே முரண். தகட்டிலிருந்து வெட்டிய வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அடிப்பதுதான் காசு. காசடிப்புக்குக் கம்பட்டம் என்ற சொல் அகராதியில் இருக்கிறது, மலையாளத்தில் அது கம்மட்டம். திருவிதாங்கூர்க் காசு புழங்கிய நம் பக்கத்துக்குப் பின்னது அந்நியமில்லை. ஆகவே ‘கம்மட்டப் பிழை’. பிறகு நேர்ந்ததற்கு ‘பிற்காயம்’. சேதம் என்பது தானாகவும் வரலாம். காயம் என்றால் எதுவோ பட்டிருக்கிறது என்பது சொல்லிலேயே தெரிகிறது.

சொல் நிற்குமா என்று பிறைவெட்டை வைத்துப் பார்க்கலாம். ஓரத்தில் பிறை வடிவில் குறைந்த காசு அது. முன்பே வில்லை எடுத்த துளையின் மேல் அடுத்த வெட்டு விழுந்தால் இப்படி வரும். அந்த வில்லைக்கு விளிம்பு எழுப்பும்போது குறைந்த இடத்தில் நெருக்கு கிடைக்காது, அதனால் நேர் எதிர்ப்பக்கத்திலும் நெருக்கு தளர்ந்து விளிம்பு பெரும்பாலும் மங்கிவிடும். கத்தரியாலோ அரத்தாலோ வெட்டியவர் எதிர்ப்பக்கத்தைத் தொடுவதே இல்லை, அங்கே விளிம்பு முழுசாக நிற்கும். வெட்டின் அருகே உள்ள எழுத்தையும் பாருங்கள். கம்மட்டப் பிழையில் எழுத்து வெட்டை நோக்கி இழுபட்டு மெலியும். பிற்காயத்தில் அரிந்த வெண்டைக்காய் மாதிரி சட்டென்று நின்றுவிடும். விற்பவர் வெட்டை மட்டும் பெரிதாக்கிப் படம் போட்டிருந்தால், எதிர்விளிம்பின் படம் கேட்காமல் ஏலம் கேட்க வேண்டாம்.

அடுத்தது, ஒரு பக்கத்து உருவமே மறுபக்கத்தில் குழிவாக, இடவலம் மாறி விழுந்த காசு. முன் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையை அதுவே அடித்தால் இது வரும். இரண்டு காசைச் சேர்த்து வைஸில் (பட்டறையின் திருகுப்பிடியில்) நெரித்தாலும் குழிந்த உருவம் விழும். ஆனால் நெரித்ததில் அந்தப் பக்கத்துப் பழைய எழுத்து குழியின் அடியில் பேயுரு மாதிரி தெரியும், மறுபக்கமும் தட்டையாகியிருக்கும். இப்படி நெரித்ததை ‘நெரிகாசு’ என்று சொல்லலாமா?

தக்கலையிலிருந்து:

அண்ணாச்சி, நெரிகாசு உடனே எடுத்துக்கொள்ளலாம். பிற்காயமும் சரி. கம்மட்டப் பிழைக்கு மட்டும் ஒரு வரம்பு போட வேண்டும். சக்கரம் என்ற பழைய திருவிதாங்கூர் வெள்ளிக்காசு கையால் அடித்தது. பலகைக் குழிகளில் நிரப்பி எண்ணும் அளவுக்குப் பொடிக் காசு. அதில் உருவம் ஓரம் தள்ளி விழுவதும் பாதி விடுபடுவதும் அன்றைய இயல்பு. அதைப் பிழை என்று கூடுதல் விலைக்கு விற்பது தவறு. எந்திரத்தில் அடித்த காசுக்கு மட்டும் கம்மட்டப் பிழை என்று விளக்கத்திலேயே எழுதுங்கள்.

இங்கே அதிகம் ஏமாற்றுவது வேறொன்று. காசுமாலையில் கோத்த பிரிட்டிஷ் இந்திய ரூபாயை, வளையத்தைக் கழற்றி ராவி, ‘நல்ல நிலை’ என்று ஏலத்தில் விடுகிறார்கள். பொடி (பற்றாசு) வைத்துப் பற்றவைத்த இடத்தில் விளிம்புப் பற்கள் மூன்று நான்கு தூர்ந்திருக்கும். சுற்றிலும் சூடு பட்ட சாம்பல் நிறம் படியும். பெரும்பாலும் தலைக்கு நேர் மேலே, மன்னர் முகம் நிமிர்ந்து தொங்க வேண்டும் என்பதற்காக. இதற்கு ‘வளையத் தழும்பு’ என்பது என் பரிந்துரை. பிற்காயத்தில் ஒரு வகையாக இருக்கட்டும்.

எடை மட்டும் பார்த்து இதைப் பிடிக்க முடியாது. 1939 வரையான வெள்ளி ரூபாய்க்கு 11.66 கிராம். ராவினதில் கொஞ்சம் போகும், தங்கிய பொடியில் கொஞ்சம் கூடும், இரண்டும் ஈடுகட்டிவிடும். விளிம்பைச் சுற்றி எட்டுப் படம் கேட்பதுதான் வழி. எடை உதவுவது போலியைப் பிடிக்க. காசை நூலில் கட்டித் தண்ணீரில் முழுதாக அமிழ்த்தி நிறுத்தால், நல்ல வெள்ளி ரூபாயின் எடை ஏறத்தாழ 1.13 கிராம் குறையும். அதே எடைக்குச் செய்த செப்பு-நிக்கல் போலியில் 1.31 குறையும். வித்தியாசம் 0.18 தான், ஆகையால் 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். காசின்மேல் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் கணக்கு பொய்க்கும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டால் குமிழ் ஒட்டாது.

இன்னொன்று. தேய்க்காத புதுக்காசைச் சாய்த்தால் வண்டிச்சக்கர ஆரம் போலச் சுழலும் பளபளப்பை ஒருவர் ‘சக்கர ஒளி’ என்று எழுதியிருந்தார். இங்கே சக்கரம் என்றால் அந்தப் பழைய காசு, திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 இருந்தது. குழப்பும்.

நாகர்கோவிலிலிருந்து:

சரி, அது ‘சுழலொளி’ ஆகட்டும். புளியோ பொடியோ போட்டுத் தேய்த்ததில் சுழலொளி செத்துவிடும், லென்ஸில் ஒரே திசையில் மயிரிழைக் கீறல் தெரியும். அதற்கு நம் அடுக்களைச் சொல்லே போதும்: ‘துலக்கிய காசு’. நேர் மேலிருந்து விளக்கடித்த படத்தில் இது தெரியாது. காசை மெல்லச் சாய்த்துக் காட்டும் பத்து விநாடி வீடியோ கேட்க வேண்டும்.

கம்மட்டப் பிழையின் விளக்கத்தில் ‘எந்திரத்தில் அடித்த காசில்’ என்று சேர்த்துவிட்டேன். வளையத் தழும்பும் பட்டியலில் ஏறிவிட்டது. ஓட்டை போட்டு அடைத்த காசுக்கு மட்டும் இன்னும் சொல் கிடைக்கவில்லை. ‘அடைகாசு’ என்றால் அடைகாப்பதாகப் படுகிறது.