மேலத்தெரு வீடு: பாப்பாவின் வேலைக் கடிதம்

*ஞாயிறு மாலை, குடும்ப அரட்டைக் குழுவில்*

நான்: தஞ்சாவூர் பக்கம் ஒரு நவீன அரிசி ஆலையில் தரக்கட்டுப்பாட்டு உதவியாளர் வேலைக்கு விளம்பரம் வந்திருக்கிறது. படம் மேலே போட்டிருக்கிறேன். பயோடேட்டாவோடு கவர் லெட்டரும் கேட்கிறார்கள். புதன்கிழமை கடைசி நாள். என்ன எழுதுவது என்று யாராவது சொல்லுங்களேன்.

அத்தை நாகை: நல்ல சேதி பாப்பா 👏 தஞ்சாவூர் என்றால் வீட்டிலிருந்தே போய் வரலாம். ஹாஸ்டல் செலவு மிச்சம்.

அம்மா: பஸ்ஸெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் கடிதத்துக்கு வழி சொல்லுங்கள்.

தாத்தா: இதற்கு எதற்கு இத்தனை யோசனை? எழுதிக்கொள். அனுப்புநர், பெறுநர், பொருள். பிறகு: மேன்மை தங்கிய மேலாளர் அவர்களின் திருச்சமூகத்திற்கு, ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்த நான் தாழ்மையுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம் என்னவென்றால், தாங்கள் கருணை கூர்ந்து எனக்கு இப்பணியை அளித்தால் என் குடும்பம் தங்களுக்கு என்றென்றும் கடமைப்பட்டிருக்கும்.

அண்ணன் சென்னை: தாத்தா 😄

தாத்தா: என்னடா சிரிப்பு? தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் இதைத்தான் படித்தேன்.

அண்ணன் சென்னை: பாப்பா, விளம்பரத்தைச் சாட்ஜிபிடியில் போட்டேன். வந்தது இதுதான்: "ஆற்றலும் அர்ப்பணிப்பும் மிக்க நான், தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தின் வளர்ச்சிக்கு என் திறமைகளை முழுமையாகப் பயன்படுத்தவும், சவாலான சூழலில் என்னை மெருகேற்றிக்கொள்ளவும் ஆவலாக உள்ளேன்." இங்கிலீஷிலும் தருகிறது. அப்படியே அனுப்பிவிடு.

அத்தை நாகை: அடேயப்பா, நன்றாக இருக்கிறதே.

சித்தப்பா ஓசூர்: இப்போதுதான் ஷிப்ட் முடிந்து பார்க்கிறேன். தம்பி, நீ போட்டதில் எங்கேயாவது நெல் என்று ஒரு வார்த்தை இருக்கிறதா? இதையே ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலும் பொருந்தும், துணிக்கடைக்கு அனுப்பினாலும் பொருந்தும். எங்கள் கம்பெனியில் டிரெய்னி எடுக்கும்போது வருகிற மெயில்களைப் பிரிக்கிற வேலை என் தலையில்தான் விழும். இந்த "ஆற்றலும் அர்ப்பணிப்பும்" ஒரு நாளைக்கு முப்பது வருகிறது. யார் யார் எழுதினார்கள் என்றே நினைவில் நிற்காது.

தாத்தா: அப்போது நான் சொன்னதுதான் சரி.

சித்தப்பா ஓசூர்: அதுவும் இல்லை அப்பா, கோபிக்காதீர்கள். நீங்கள் சொல்வது பட்டா மாறுதலுக்கு எழுதுகிற மனு. அங்கே நமக்குக் காரியம் ஆக வேண்டும், அதிகாரி மனசு வைக்க வேண்டும். இங்கே ஆலைக்கு ஆள் வேண்டும் என்று அவர்களே காசு கொடுத்து விளம்பரம் போட்டிருக்கிறார்கள். நம் வீட்டுக் கஷ்டத்தைப் படித்து அவர்கள் என்ன செய்வார்கள்? வருகிற நெல் லோடை இந்தப் பெண் சரியாகப் பார்த்துச் சொல்லுமா என்பதுதான் அவர்கள் கவலை. அதற்குப் பதில் எழுதினால் போதும்.

தாத்தா: மனு என்றால் அவ்வளவு இளக்காரம் வேண்டாம். நம்ம கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு கணித மேதை ராமானுஜன் 1912 பிப்ரவரியில் மதராஸ் போர்ட் டிரஸ்டுக்கு எழுதியதும் மனுதான். வேலையைத் தந்தருளும்படி வேண்டிக்கொள்கிறேன் என்றுதான் முடித்திருக்கிறார். மார்ச் 1ஆம் தேதி கிளார்க்காகச் சேர்ந்துவிட்டார். மாதம் 30 ரூபாய்.

அம்மா: மாமா சொல்வதும் சரிதானே?

சித்தப்பா ஓசூர்: நல்ல ஆளைத்தான் இழுத்திருக்கிறீர்கள் அப்பா. அந்தக் கடிதத்தையே பார்ப்போம். மொத்தமே ஐந்தாறு வாக்கியம். உங்கள் ஆபீசில் ஒரு கிளார்க் இடம் காலி என்று அறிந்தேன், அதற்கு விண்ணப்பிக்கிறேன் என்று நேராக ஆரம்பிக்கிறார். மெட்ரிக்குலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. (அந்தக் கால இன்டர்மீடியட்) வரை படித்தேன், சூழ்நிலை சரியில்லாமல் தொடர முடியவில்லை என்கிறார். அந்தத் தோல்விக்கு ஒரே ஒரு வாக்கியம்தான். அடுத்த வரியிலேயே, ஆனாலும் நேரம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டு வருகிறேன், இந்த வேலையைச் சரியாகச் செய்வேன் என்று நம்பிக்கை இருக்கிறது என்கிறார். காலம் அப்படி, அதனால் "வேண்டிக்கொள்கிறேன்". அதை எடுத்துவிட்டுப் பாருங்கள், உள்ளே அழுகை எதுவும் இல்லை.

அண்ணன் சென்னை: கூடவே பிரசிடென்சி காலேஜ் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசும் இருந்தது. அதையும் சொல்லுங்கள் சித்தப்பா.

சித்தப்பா ஓசூர்: இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த வருஷம், 1913 ஜனவரியில், கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியதையும் எடுத்துக்கொள். போர்ட் டிரஸ்டில் வருஷம் 20 பவுண்டு சம்பளத்தில் கிளார்க்காக இருக்கிறேன் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டுப் பக்கம் பக்கமாகத் தேற்றங்களை வைத்து அனுப்பினார். ஹார்டி உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டது அந்தத் தேற்றங்களோடுதான். 1914இல் இவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

நான்: என்னிடம் தேற்றம் ஒன்றும் இல்லையே சித்தப்பா. ஒரு வருஷம் வீட்டில் இருந்ததுதான் இருக்கிறது.

அம்மா: அதை ஏன் அப்படிச் சொல்கிறாய்? அப்பாயி இடுப்பு முறிந்து படுத்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டது நீதானே. அதை விரிவாக எழுது. எவ்வளவு பொறுப்பான பெண் என்று தெரியட்டும்.

சித்தப்பா ஓசூர்: எழுதட்டும் அண்ணி, ஆனால் ஒரு வரி. மறைத்தால் பயோடேட்டாவில் இடைவெளி கண்ணில் படும், ஏன் என்று சந்தேகம் வரும். நீட்டினால் கடிதம் முழுக்க அதுவாகவே ஆகிவிடும். சரி பாப்பா, அந்த வருஷத்தில் வேறு என்ன செய்தாய்?

நான்: வேறு ஒன்றும் இல்லை. சம்பா அறுப்பு சமயத்தில் மட்டும் நம்ம ஊர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் ரிஜிஸ்டர் எழுதினேன். ஈரப்பத மீட்டரில் ரீடிங் பார்த்து, ரகம், மூட்டை, பதர் எவ்வளவு என்று குறித்து, சாயங்காலம் எக்செலில் ஏற்றுவேன்.

சித்தப்பா ஓசூர்: அம்மாடி! விளம்பரத்தை மறுபடி படி. "நெல், அரிசி மாதிரிப் பரிசோதனை, பதிவேடு பராமரிப்பு, எக்செல்." அவர்கள் கேட்கிற மூன்றையும் செய்துவிட்டு ஒன்றும் இல்லை என்கிறாய்.

நான்: அது ரெண்டு மாச வேலை சித்தப்பா. சம்பளம் கூடப் பெரிதாக இல்லை.

சித்தப்பா ஓசூர்: சம்பளம் அவர்களுக்கு எதற்கு? ஒரு நாளைக்கு எத்தனை மாதிரி பார்த்திருப்பாய்?

நான்: அறுப்பு மும்முரத்தில் நாற்பது, ஐம்பது வரும்.

சித்தப்பா ஓசூர்: அந்த எண்ணைப் போடு. "பரிசோதனை அனுபவம் உண்டு" என்று நூறு பேர் எழுதுவார்கள். நாற்பது மாதிரி என்று எழுதினால் ஆலைக்காரனுக்குக் கண் முன்னே தெரியும்.

அப்பா: வயலில் இருந்தேன். அறுப்பு மெஷின் இப்போதுதான் கரையேறியது. மேகம் திரண்டு நிற்கிறது, ராத்திரிக்குள் தார்பாய் போட வேண்டும். என்ன பேச்சு?

அம்மா: மேலே படித்துப் பாருங்கள்.

அப்பா: படித்தேன். பாப்பா, கொள்முதல் நிலையத்தில் வழக்கமாக 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்க மாட்டார்கள், அது எல்லோருக்கும் தெரியும். ஆலையில் அரைக்க அதுவும் போதாது, 14க்குப் பக்கத்தில் வர வேண்டும். ஈரத்தோடு குவித்து வைத்தால் நெல் சூடேறி அரிசி பழுப்பாகிவிடும். அவசரத்தில் கடும் வெயிலில் காயப்போட்டால் உள்ளே வெடிப்பு விட்டு, அரைக்கும்போது நொய்தான் மிஞ்சும். ஆலைக்காரனுக்கு நஷ்டம் இந்த ரெண்டு இடத்திலும்தான். இது உனக்குத் தெரியும் என்று எழுது.

சித்தப்பா ஓசூர்: அண்ணே, சாட்ஜிபிடி இதைச் சொல்லவில்லை பார்.

அண்ணன் சென்னை: நான் கேட்டால்தானே சொல்லும் 🙄

அப்பா: இன்னொன்று. மூட்டையில் மேலாக ஒரு கைப்பிடி எடுத்துப் பார்ப்பவன் ஏமாந்துபோவான். மேல் மூட்டை காய்ந்திருக்கும், அடியில் ஈரம் நிற்கும். குத்தூசி போட்டு நாலு இடத்தில் எடுத்துக் கலந்துதான் மீட்டரில் போட வேண்டும். போன வருஷம் நீ அப்படித்தான் எடுத்தாய், நான் பார்த்தேன். சரி, தார்பாய்க்குப் போகிறேன்.

அத்தை நாகை: காலேஜ் புராஜெக்டையும் சேர்க்கலாமே. வேதாரண்யம் பக்கம் கிணற்றுத் தண்ணீர் எடுத்து உப்பு பார்த்தார்களே, எங்கள் வீட்டில்தானே தங்கினார்கள்.

நான்: அது தண்ணீர் அத்தை. ஆலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சித்தப்பா ஓசூர்: இருக்கிறது. சில்வர் நைட்ரேட் வைத்து குளோரைடு பார்த்தாய் அல்லவா? ஒவ்வொரு மாதிரியையும் திரும்பச் செய்து பார்த்துக் குறித்து வைத்திருப்பாய். அந்த நிதானம்தான் லேபுக்கு வேண்டியது. ஒரு வாக்கியம் அதற்குக் கொடு, அதற்கு மேல் வேண்டாம். கடல் தண்ணீர் உள்ளே வருவதைப் பற்றிக் கட்டுரை எழுதிவிடாதே.

அத்தை நாகை: சம்பளம் எவ்வளவு வேண்டும் என்பதை முதலிலேயே போட்டுவிட்டால் நல்லது.

சித்தப்பா ஓசூர்: விளம்பரத்தில் கேட்கவில்லை அக்கா. கேட்காததை எழுத வேண்டாம், இண்டர்வியூவில் பேசிக்கொள்ளலாம். அப்புறம் பாப்பா, யார் பெயருக்கு எழுதுவது என்று விளம்பரத்தில் இல்லை. நாளைக் காலை அதில் உள்ள நம்பருக்குப் போன் போட்டுக் கேள். ஒன்றும் தவறாக நினைக்க மாட்டார்கள். முதலில் தமிழில் எழுது, விஷயம் சரியாக நிற்கிறதா என்று பார்ப்போம். இங்கிலீஷில் மாற்றும்போது உன் அண்ணனின் சாட்ஜிபிடி பிழை திருத்தட்டும், அதற்கு அது நல்ல வேலைக்காரன்.

*திங்கள் மதியம்*

நான்: போன் போட்டேன். தரக்கட்டுப்பாட்டு மேலாளர் ஒரு மேடமாம். "ஐயா" என்று எழுதியிருந்தால் தெரிந்திருக்கும் கதை. பெயர் கொடுத்தார்கள்.

நான்: எழுதியது இது:

"மதிப்பிற்குரிய மேடம்,

தங்கள் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் விளம்பரம் பார்த்தேன். பி.எஸ்.சி. வேதியியல் முடித்திருக்கிறேன்.

கடந்த சம்பா அறுவடையில் எங்கள் ஊர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் நெல் மாதிரிகளைப் பரிசோதித்தேன். அறுவடை உச்சத்தில் நாளொன்றுக்கு நாற்பதுக்குக் குறையாத மாதிரிகள். குவியலின் மேலும் அடியிலும் குத்தூசியால் எடுத்துக் கலந்து, ஈரப்பதமும் பதரும் பார்த்து, அன்றைக்கே எக்செலில் பதிவு செய்தேன். ஈரத்தோடு வரும் நெல்லும் அவசரமாகக் காய்ந்த நெல்லும் அரிசியை எப்படிக் கெடுக்கும் என்பதை வீட்டு விவசாயத்திலேயே பார்த்து வளர்ந்திருக்கிறேன். கல்லூரியில் கிணற்று நீரின் குளோரைடு அளவை டைட்ரேஷன் முறையில் ஆய்வு செய்தேன்.

பட்டப்படிப்புக்குப் பின் ஒரு வருடம் பாட்டியின் உடல்நிலை காரணமாக ஊரில் இருந்தேன். இப்போது முழுநேர வேலைக்கு வரலாம். நேரில் வரச் சொன்னால் எந்த நாளிலும் வருகிறேன்.

நன்றி."

அம்மா: அப்பாயியைப் பற்றி ஒரே வரியா? சரி, நீங்கள் சொன்னால் சரி.

சித்தப்பா ஓசூர்: நன்றாக வந்திருக்கிறது. போனில் ஒரு திரைக்குள் கிட்டத்தட்ட அடங்குகிறது. மெயிலில் இதையே எழுது, தனி ஃபைலாகவும் வை. வெறும் மெயிலில் பயோடேட்டாவை மட்டும் தொங்கவிட்டு அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தாத்தா: நான் ஒன்று சொல்லலாமா, அல்லது அதுவும் மனு என்பீர்களா?

சித்தப்பா ஓசூர்: சொல்லுங்கள் அப்பா.

தாத்தா: தேதி இல்லை. போன் நம்பர் இல்லை. பெயர் கூட இல்லை, நன்றியோடு நின்றுவிட்டது. என்னென்ன இணைத்திருக்கிறாய் என்று கீழே ஒரு வரி இல்லை. அப்புறம், உழவர் நிறுவனத்தில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று கேட்டால் என்ன சொல்வாய்? அங்கே ஒரு சான்று வாங்கி வை. மிடில்மாஸ்ட் வேண்டாம், செயலாளர் கையெழுத்துப் போதும்.

அண்ணன் சென்னை: தாத்தா ஜெயித்துவிட்டார் 🙌

சித்தப்பா ஓசூர்: எல்லாமே சரி அப்பா, நானே கவனிக்கவில்லை. பாப்பா, மாதங்களைக் கடிதத்திலேயே சேர்த்துவிடு. ஃபைலைப் பி.டி.எஃப். ஆக்கு, வேர்டில் அனுப்பினால் அந்தப் பக்கம் வரி கலைந்து போகும். ஃபைல் பெயர் "நியூ பயோடேட்டா லாஸ்ட் 2" என்று இருக்கக் கூடாது, உன் பெயரும் வேலையின் பெயரும் இருக்கட்டும். மெயில் தலைப்பும் அப்படியே.

நான்: என் மெயில் ஐடி "ஸ்வீட் ஏஞ்சல்" என்று இருக்கிறதே 😬

சித்தப்பா ஓசூர்: புதிதாக ஒன்று திற. இன்றைக்கே.

*செவ்வாய் இரவு*

நான்: அனுப்பிவிட்டேன். உழவர் நிறுவனத்தில் சான்றும் கொடுத்துவிட்டார்கள், இணைத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் என்ன செய்வது?

சித்தப்பா ஓசூர்: ஒரு வாரம் விட்டு ஒரு முறை போன் செய்து மெயில் கிடைத்ததா என்று கேள். தினமும் கேட்டு நச்சரிக்காதே. அனுப்பியதைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள், கேள்வி அதிலிருந்துதான் வரும். யாராவது ஆலை பெயரைச் சொல்லி முன்பணம் கட்டு என்று போன் பண்ணினால் உடனே வைத்துவிடு.

அப்பா: குத்தூசி பற்றிக் கேட்டால் தடுமாறாதே. நாளைக்கு லோடு ஏற்றும்போது வந்து நில், ஒரு தடவை கையால் எடுத்துப் பார்.

அத்தை நாகை: இந்தக் கடிதம் ரொம்ப நன்றாக இருக்கிறது தம்பி. நம்ம வீட்டுப் பையனும் திருச்சியில் ஒரு கம்பெனிக்கு அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போடுகிறான். இதையே பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிடலாமா?

சித்தப்பா ஓசூர்: அக்கா!

அண்ணன் சென்னை: குத்தூசியோடு போகட்டும் அத்தை 😂

சித்தப்பா ஓசூர்: அவனை என்னைக் கூப்பிடச் சொல்லுக்கா. ஒன்பதரைக்குள் கூப்பிடட்டும், பத்து மணிக்கு எனக்கு நைட் ஷிப்ட். விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடட்டும்.