மறு: ‘க்ரூவ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே,

> ‘க்ரூவ்’ என்றால் இசைத்தட்டில் ஊசி ஓடும் வரிப்பள்ளம்தானே? ‘இசைப்பள்ளம்’ என்று வைத்துவிடலாம்.

இசைத்தட்டுக்குச் சரி. நம் அகராதிக்கு வேண்டியது, கேட்பவரை ஆடவைக்கும் தாள ஓட்டத்தைச் சொல்லும் ‘க்ரூவ்’. “இந்தப் பாட்டில் நல்ல பள்ளம் இருக்கிறது” என்று யாராவது சொன்னால், எனக்கு நெடுஞ்சாலைத் துறைக்கு மனு எழுதத்தான் தோன்றும்.

> ‘நடை’? ‘துள்ளல்’?

நடைக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. சதுசிர நடை, திசிர நடை என்று தாளத்தின் ஒரு தட்டை (பீட்டை) எத்தனை கூறாகப் பிரிக்கிறோம் என்பதை அது குறிக்கிறது. துள்ளலைக் கலிப்பா என்ற பாவகை தன் ஓசைக்காக எடுத்துக்கொண்டுவிட்டது. மேலும், மெதுவாக நகரும் சோல் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகை) பாட்டில் துள்ளல் எங்கே?

சொல்லைத் தேடும் முன் பொருளைக் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடம் ஒரு பழைய சினிமா கொட்டகையில் இருந்தது. 1965இல் சோல் பாடகர் வில்சன் பிக்கெட் அங்கேதான் ‘இன் த மிட்நைட் அவர்’ பாடினார். பதிவின்போது தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர், இளைஞர்கள் அப்போது ஆடிய ‘ஜெர்க்’ ஆட்டத்தைத் தானே ஆடிக் காட்டினார். அதைப் பார்த்து டிரம்ஸ் வாசித்த ஆல் ஜாக்சனும் கிட்டார் வாசித்த ஸ்டீவ் கிராப்பரும் நான்கு தட்டுச் சுற்றில் இரண்டாவது, நான்காவது தட்டுகளை ஒரு இம்மி தாமதித்து அடித்தார்கள். இருவரும் ஒரே அளவு தாமதித்தார்கள் என்பதுதான் விசேஷம். இசைக்குறிப்பில் எழுதினால் அந்தத் தாமதம் தெரியாது. தாளம் தொடங்கிய பிறகு பாட்டை எடுக்கும் நம் அனாகத எடுப்பைப் போலக் கால், அரை என்று கணக்குச் சொல்லவும் முடியாது.

அந்தப் பாட்டில் பிக்கெட் பாடும் வரிகளுக்கு அடியில் பெரும்பாலும் இரண்டே கார்டுகள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டுகள்): ச-வில் நிற்பது ஒன்று, ம-வில் நிற்பது இன்னொன்று. தேவாலயத்தில் ‘ஆமென்’ பாடும்போது ம-விலிருந்து ச-வுக்கு இறங்குவார்களே, அதே உறவு. ஒத்திசைவில் (கார்டுகளின் நகர்வில்) பெரிதாக எதுவும் நடக்காததால் காது தாளத்தின் பக்கம் போய்விடுகிறது. இன்னொரு சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். ஒரே கார்டில் நெடுநேரம் நின்றுகொண்டு, முதல் தட்டில் முழுக்குழுவையும் கூட்டுவார். ஆனாலும் க்ரூவைத் தாளத்தோடு குழப்பக் கூடாது. தாளம் ஒருவரே போடலாம். க்ரூவ், வாசிப்பவர்களுக்கு நடுவில் உண்டாவது. (தனி டிரம்ஸில் க்ரூவ் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அங்கே கையும் காலும்தான் இரண்டு ஆட்கள்.)

என் பரிந்துரை: இழைவு. இதில் பெரிய வசதி, வினையாகவும் வளைகிறது: “பேஸும் டிரம்ஸும் இன்னும் இழையவில்லை, மறுபடி வாசிங்க.” பயிற்சி அறையில் வாய் கூசாமல் சொல்லலாம்.

அப்புறம், இரண்டிலும் நான்கிலும் விழும் ‘பேக்பீட்’டுக்கு மறுதட்டு. ‘பின்தட்டு’ வேண்டாம், தட்டே பிந்தி விழுகிறது என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். மறுதட்டு தன் இடத்திலேயே விழலாம், பிந்தியும் விழலாம். ஜாக்சன் வாசித்தது பிந்திய மறுதட்டு.

---

> என் பரிந்துரை: இழைவு

எனக்குச் சம்மதம். ஒரே ஒரு தயக்கம்: குரல் சுருதியோடு ஒட்டி நிற்பதையும் ‘இழைகிறது’ என்கிறோம். அகராதியில் ‘தாள இழைவு’ என்று முழுசாகப் போட்டு, பேச்சில் ‘இழைவு’ என்று விட்டுவிடலாமா? மறுதட்டுக்கு மறுப்பில்லை.

---

சரி, அப்படியே போடுகிறேன். ‘சின்கோபேஷன்’ (வழக்கமாக அழுத்தம் விழாத இடத்தில் அழுத்துவது) இன்னும் பாக்கி. அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இந்த ‘இழை’ வேறு!