24 வயதில் தனியாகப் போகிறேன்: பெரிய நகரமா, நண்பர்கள் இருக்கும் ஊரா?

முதல்சாவி:
எனக்கு 24 வயது. படிப்பு முடிந்து இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே டேட்டா அனலிஸ்ட் வேலை பார்க்கிறேன். இனி தனியாக ஓர் ஊரில் போய் இருக்கலாம் என்று முடிவு செய்தாயிற்று, வீட்டிலும் சரி என்று சொல்லிவிட்டார்கள். மனதில் இரண்டு ஊர் இருக்கிறது. ஒன்று பெரிய நகரம், என் துறையில் கம்பெனிகள் ஏராளம், ஆனால் வாடகையே சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடும், அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. இன்னொன்று நடுத்தர ஊர். வாடகை குறைவு, கடற்கரை இருக்கிறது, வெயில் அவ்வளவு அடிக்காது, கல்லூரி நண்பர்கள் இரண்டு பேர் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் என் வேலைக்கு இரண்டு மூன்று கம்பெனிகளுக்கு மேல் இல்லை. மூன்று மாதமாகப் பட்டியல் போட்டுப் பார்க்கிறேன், ஒரு நாள் இந்தப் பக்கம் சாய்கிறது, மறுநாள் அந்தப் பக்கம். தப்பான ஊருக்குப் போய் இருபதுகளே வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நீங்களெல்லாம் எதை வைத்து முடிவெடுத்தீர்கள்?

நெடுஞ்சாலை:
தம்பி, என் ஓட்டு பெரிய நகரத்துக்கு. ஆனால் காரணம் சம்பளம் இல்லை. ஸ்பெயினில் வேலை செய்பவர்களின் பல வருடத் தகவல்களை எடுத்து டி லா ரோகா, பூகா என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் செய்த ஆய்வு 2017இல் வந்தது. மாட்ரிட், பார்சிலோனா மாதிரி பெரிய நகரங்களில் வேலை பார்த்த அனுபவத்துக்கு மதிப்பு அதிகம், அதைவிட முக்கியம், அங்கிருந்து சின்ன ஊருக்கு மாறிய பிறகும் அந்த மதிப்பில் பெரும்பகுதி கூடவே வருகிறது என்று அதில் கண்டார்கள். அதாவது பெரிய நகரத்தில் கற்றதைப் பிறகு கடற்கரை ஊருக்குக் கொண்டுபோகலாம். எனக்கு முதல் வேலை ஏழே மாதத்தில் போய்விட்டது, ஆட்குறைப்பு. அதே நகரத்தில் என் துறையில் வேறு இடங்கள் இருந்ததால் மூன்று வாரத்தில் அடுத்தது கிடைத்தது. இரண்டு மூன்று கம்பெனி மட்டும் இருக்கும் ஊர் என்றால் அன்றைக்கு மூட்டை கட்டியிருப்பேன்.

ஒரு எச்சரிக்கை. சம்பளத்தில் பாதியை வாடகைக்குக் கொடுக்காதீர்கள், வீட்டை யாருடனாவது பகிர்ந்துகொள்ளுங்கள். வாடகை மிச்சம் என்று ஊரின் கோடியில் வீடு பார்த்துவிடாதீர்கள், அது இன்னும் மோசம். ஜெர்மனித் தரவுகளை வைத்து ஸ்டட்சர், ஃப்ரை இருவரும் 2008இல் எழுதிய கட்டுரையில், ஆபீசுக்குப் போய்வரும் நேரம் கூடக் கூட மனத்திருப்தி குறைகிறது, மிச்சமாகும் வாடகையோ கூடுதல் சம்பளமோ அதை ஈடுகட்டுவதில்லை என்று காட்டியிருக்கிறார்கள். நான் ஒரு வருடம் தினமும் மூன்று மணி நேரம் பயணத்தில் கழித்தேன், அந்த வருடத்தில் நான் எந்த ஊரில் இருந்தேன் என்பதற்கே அர்த்தம் இல்லாமல் போயிற்று. வீட்டிலிருந்து வேலை என்பது இன்றைக்குச் சரி, நாளைக்கு ஆபீசுக்கு வா என்று சொன்னால்?

மாடிவீடு:
நெடுஞ்சாலை அண்ணா சொல்வது வேலைக்குச் சரி, ஆனால் தனிமையை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் ஒருவர் சாதாரண நண்பராக மாறச் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டார். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் சந்தித்தால் 200 மணிக்கு இரண்டு வருடம் ஆகும். கல்லூரியில் நமக்குத் தெரியாமலே அந்த மணிகள் சேர்ந்துவிட்டன, வேலைக்குப் போன பிறகு நாமே சேர்க்க வேண்டும்.

அதே சமயம் நான் பட்டதையும் சொல்கிறேன். தோழி இருக்கிறாள் என்ற ஒரே நம்பிக்கையில் ஓர் ஊருக்குப் போனேன், எட்டு மாதத்தில் அவளுக்கு வேறிடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். இந்த வயதில் யாரும் ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. உங்கள் நண்பர்கள் இரண்டு பேரும் அடுத்த இரண்டு வருடம் அங்கேதான் இருப்பார்களா என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

கிழக்குஜன்னல்:
கடற்கரை, வெயில் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1998இல் ஷ்காடே, கானமன் இருவரும் அமெரிக்காவில் கலிபோர்னியா மாணவர்களையும் மத்திய மேற்கு மாநில மாணவர்களையும் கேட்டார்கள். கலிபோர்னியாவில் இருப்பவர்கள்தான் அதிகத் திருப்தியாக இருப்பார்கள் என்று இரண்டு பக்கமும் நினைத்தார்கள், அவரவர் சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கேட்டபோது திருப்தி கிட்டத்தட்ட ஒன்றுதான். பட்டியலில் வானிலைக்கு இவ்வளவு மதிப்பெண் போடாதீர்கள்.

முதல்சாவி:
எல்லோருக்கும் நன்றி. மாடிவீடு அக்கா சொன்ன மாதிரி கேட்டேன். ஒருவன் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறானாம், இத்தனை நாள் சொல்லவே இல்லை. இப்போது பெரிய நகரத்தின் பக்கம் சாய்கிறேன், ஆனாலும் தப்பாகிவிட்டால் என்ற பயம் போகவில்லை.

மாடிவீடு:
தப்பானால் திரும்பி வரலாம், அதற்கு வழி வைத்துக்கொண்டு போங்கள். மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் தனியாக வையுங்கள், முதலிலேயே நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று நான்கு வாரம் வாடகை அறையில் இருந்து பாருங்கள், சுற்றுலாப் பயணியாக இல்லை, காலையில் வேலை, மாலையில் துணி துவைப்பது, காய்கறி வாங்குவது என்று. ராத்திரி பத்து மணிக்கு அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். நான் ஒரு வீட்டைப் பகலில் மட்டும் பார்த்துவிட்டுப் பிடித்தேன், இருட்டிய பிறகு அந்தத் தெருவில் தனியாக வரவே முடியவில்லை, முன்பணத்தை விட்டுவிட்டு வெளியேறினேன்.

நெடுஞ்சாலை:
இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீவன் லெவிட் என்ற பொருளாதார அறிஞர், முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்களை இணையத்தில் நாணயம் சுண்டச் சொல்லி, ஆறு மாதம் கழித்து விசாரித்தார். வேலையை விடுவது மாதிரியான பெரிய விஷயங்களில், மாற்றத்தைத் தேர்ந்தவர்கள் அப்படியே இருந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். மூன்று மாதமாகத் தராசு சமமாக நிற்கிறது என்றால், வீட்டிலேயே உட்கார்ந்து இன்னொரு பட்டியல் போடுவதுதான் நஷ்டம்.

முதல்சாவி:
பெரிய நகரத்தில் அடுத்த மாதம் 5ஆம் தேதியிலிருந்து நான்கு வாரத்துக்கு ஓர் அறை சொல்லியாயிற்று. ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. அந்தச் சமயத்தில் அங்கே மழை அதிகம் என்கிறார்கள், தேதியைத் தள்ளிப்போடலாமா?

மாடிவீடு:
தள்ளவே வேண்டாம். நல்ல மழை நாளாகப் பார்த்து, ஆபீஸ் விடும் நேரத்தில் அந்த ரயிலில் ஏறி அறைக்கு வாருங்கள். வந்து சேர்ந்ததும் எப்படி இருந்தது என்று இங்கே எழுதுங்கள்.