‘ஏபிகல் அவுட்’ உறுப்புருவுக்கு ‘மறிமுகம்’ பொருந்துமா?

நாகர்கோவிலிலிருந்து:
வணக்கம். குடல் உறுப்புருவை (ஆர்கனாய்டு, அதாவது குடல் செல்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்க்கும் குட்டிப் பந்து) மேட்ரிஜெல் என்ற புரத ஜெல்லில் வளர்த்தால் செல்களின் அடிமுகம் ஜெல்லைத் தொட்டுக்கொண்டு வெளியே நிற்கும். மேல்முகம் நடுக்குழிவைப் பார்த்திருக்கும். கிருமியும் மருந்தும் குடலில் முதலில் தொடுவது மேல்முகத்தைத்தான். அது பந்துக்குள் அடைபட்டுக் கிடந்தால் ஆய்வு எப்படி நடக்கும்? அதனால் ஜெல்லை நீக்கி மேல்முகத்தை வெளியே வரவைக்கிறார்கள். இந்த ‘ஏபிகல் அவுட்’ (மேல்முகம் வெளியே) நிலைக்கு நம் கலைச்சொல் பட்டியல் வரைவில் ‘வெளிமுனைவு’ என்றிருக்கிறது. முனைவு என்றதும் வேதியியல் படித்த பிள்ளைகளுக்கு மின்சுமைதான் தோன்றும். இங்கே பேச்சு முகத்தைப் பற்றியது. கல்லில் ஒட்டிய பக்கம் மேலே வர, தோசையை ‘மறிச்சுப் போடு’ என்கிறோமே, அந்த மறி. ‘மறிமுக உறுப்புரு’ எனலாம்.

தக்கலையிலிருந்து:
அக்கா, முனைவை விடுவதில் எனக்கும் சம்மதம். ஆனால் ‘மறி’ என்றால் வடக்கே சாலை மறியல்தான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று: தோசை முழுசாகப் புரளுகிறது. எம்டிசிகே என்ற நாய்ச் சிறுநீரகச் செல்களின் பந்து அப்படிப் புரளுவதில்லை. ஒவ்வொரு செல்லும் மேல்முகப் புரதத்தை ஒரு பக்கச் சவ்விலிருந்து உள்ளிழுத்து மறுபக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறது. செல் இருந்த இடத்திலேயே முகம் மாறிவிடுகிறது.

நாகர்கோவிலிலிருந்து:
தம்பி, ‘மறிமுகம்’ நிலையின் பெயர், செயலின் பெயரல்ல. எந்த வழியில் மாறினாலும் பொருந்தும். கீழ்மேலாதல் என்ற பொருளும் பழையது. ‘மறிதிரை’யில் அலை மடங்குகிறதே தவிர யாரையும் தடுக்கவில்லை.

செய்முறைக்குள் வைத்துப் பார்த்தேன்: ‘ஜெல்லைக் கரைக்கும் ஈடிடிஏ 5 மில்லிமோலார் கலந்த குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசலில் உறுப்புருக்களை 4 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் மெல்லச் சுழலவிடுக. பிப்பெட் முனையை 1 சதவீத பிஎஸ்ஏ புரதக் கரைசலில் நனைத்துக்கொள்க. இல்லாவிட்டால் சுவரில் ஒட்டிக்கொள்ளும். 200 ஜி விசையில் 3 நிமிடம் சுழற்றிப் படியவைத்து, செல் ஒட்டாத தட்டில் வளர்ப்பூடகத்தில் மிதக்கவிடுக. 1 முதல் 3 நாளில் மறியும். ஜெல் துணுக்கு மிஞ்சினால் செல் சவ்விலுள்ள பற்றுப் புரதமான பீட்டா-1 இன்டெக்ரின் அதைப் பற்றிக்கொண்டு அடிமுகத்தை வெளியிலேயே நிறுத்தும், கிடைப்பது அரைமறி.’

குழித்துறையிலிருந்து:
‘அரைமறி’ நமக்குத் தேவையான சொல். ‘பகுதி வெளிமுனைவு’ என்று யாரும் சொல்லப்போவதில்லை. பதிவில் அடையாளத்தையும் சேருங்கள்: ஆக்டின் இழையில் ஒட்டும் ஃபாலாய்டின் சாயமிட்டால், மேல்முகத்தை ஒட்டிய ஆக்டின் புரதப் பட்டை மறிமுகத்தில் வெளி விளிம்பு முழுக்க ஒளிரும், அரைமறியில் விட்டுவிட்டு ஒளிரும். சாதாரண நுண்ணோக்கியில் உருவத்தை மட்டும் பார்த்து மறிந்துவிட்டது என்று எழுதக் கூடாது.

தக்கலையிலிருந்து:
சரி அக்கா. ‘மறிமுகம்’, ‘அரைமறி’ இரண்டையும் பட்டியலில் ஏற்றுகிறேன். மறியல் குழப்பம் வராமல் இருக்க ‘மறிதிரை’யை எடுத்துக்காட்டாகப் போடுகிறேன்.