மொசூகின் நடித்தாரா, கத்தரி நடித்ததா?

கத்தரிக்கோல்: ரஷ்ய நடிகர் இவான் மொசூகினை மௌனப்பட உலகின் மகா நடிகர் என்று தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். சோவியத் இயக்குநர் குலெஷோவ் செய்த படத்தொகுப்புச் சோதனை தெரியாதா? மொசூகினுடைய ஒரே முகத்துக்குப் பக்கத்தில் சூப் கிண்ணம், சவப்பெட்டி, ஒரு பெண் என்று மாற்றி மாற்றி ஒட்டினார் குலெஷோவ். பார்த்தவர்கள் பசி, துக்கம், ஆசை என்று சிலாகித்தார்களாம். முகம் அசையவே இல்லை. இதில் நடிப்பு எங்கே?

ரீல்பெட்டி: சார், அது சோதனைக்காக நடித்த முகமே இல்லை, பழைய படத்தில் வெட்டிய துண்டு. அந்தச் சோதனைச் சுருளும் இன்று கிடையாது. குலெஷோவின் மாணவர் புதோவ்கின் எழுதிவைத்ததை நம்பித்தான் எல்லோரும் பேசுகிறோம். துண்டை விட்டுவிட்டு முழுப் படம் பாருங்கள். புரோதசானோவ் இயக்கிய 'தந்தை செர்கியஸ்' (1918) தொல்ஸ்தோய் கதை. ஜார் காலத் தணிக்கையில் எடுத்திருக்கவே முடியாது. மிடுக்கான இளம் அதிகாரியாக வருகிறவர் கிழத் துறவியாக முடிகிறார். ஆசையை அடக்கக் கோடரியால் தன் விரலையே வெட்டிக்கொள்ளும் இடத்தில் எந்த சூப் கிண்ணம் உதவியது?

கத்தரிக்கோல்: சரி, அவர் நடித்த 'கீன்' (1924) படம்? அதில் வரும் மதுக்கடை ஆட்டத்தைத்தானே எல்லோரும் புகழ்கிறார்கள்? அங்கே ஆடுவது படத்தொகுப்பு வெட்டுகளின் வேகம். 1927-இல் ஹாலிவுட் போய் 'சரண்டர்' என்று ஒரே படம், திரும்பிவிட்டார். பேசும்படம் வந்ததும் ஆள் காலி.

நாடகமேடை: காலியானது நடிப்பா, உச்சரிப்பா? சட்டம் படிக்க மாஸ்கோ போனவர் படிப்பை உதறிவிட்டு ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவில் சேர்ந்தார். மேடையில் வளர்ந்தவருக்குப் பேசத் தெரியாதா? புரட்சிக்குப் பின் 1920-இல் யால்டாவிலிருந்து கப்பலேறிப் பாரிஸில் பிழைத்தவர். பிரெஞ்சில் ரஷ்ய வாடை அடித்தது, அவ்வளவுதான். 1939-இல் காசநோயில் போனபோது ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

ரீல்பெட்டி: இன்னொன்று. 'லெ பிராசியே ஆர்தான்' (1923) அவரே எழுதி இயக்கியது. அதைப் பார்த்துத்தான் சினிமாவுக்கு வந்தேன் என்று பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவாரே சொல்லியிருக்கிறார். வெட்டுதான் எல்லாம் என்றால், அந்தப் படத்தில் கத்தரியும் அவர் பக்கம்தானே!

புதுவரவு: எதில் தொடங்கலாம் அண்ணே?

ரீல்பெட்டி: 1913-இல் ஸ்டாரேவிச் எடுத்த கோகோல் கதை, 'கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு'. வால் வைத்த பிசாசாக வந்து அடிக்கும் கூத்தைப் பாருங்கள். குட்டிப் படம்தான்.

கத்தரிக்கோல்: பிசாசையும் பார்க்கிறேன், செர்கியஸையும் பார்க்கிறேன். 'கீன்' விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.