கேப்பிங் ஏஜென்டுக்குத் தமிழ் என்ன?

அன்பின் நண்பர்களுக்கு,

பல் மருத்துவச் செய்முறைக் கையேடு புதன்கிழமை அச்சுக்குப் போகிறது. சொத்தைக் கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸுக்கு எதிராக வேப்பிலைச் சாற்றில் வெள்ளி நானோதுகள் எடுக்கும் பாடம். 10 கிராம் இலையை 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, அதில் 10 மி.லி. எடுத்து 90 மி.லி. சில்வர் நைட்ரேட்டில் (1 மில்லிமோலார்) விட வேண்டும். வெள்ளி அயனிக்கு எலக்ட்ரான் தந்து வெள்ளியாக்குவது, அதாவது ஒடுக்குவது, சாறு. 'ஒடுக்கி' என்று எழுதிவிட்டேன். பிறந்த துகளைச் சூழ்ந்து காப்பதும் அதே சாறுதான். அந்த வேலையைச் செய்வதைத்தான் கேப்பிங் ஏஜென்ட் என்கிறார்கள். அதற்குச் சொல் வேண்டும். 'மூடி' ஆகாது. பல்லுக்குள் இருக்கும் மென்திசுவான பல்கூழைக் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடுவதும் கேப்பிங்தான். இரண்டு பாடம் தள்ளி வருகிறது.
— மொழிபெயர்ப்பாளர்

'கவிபொருள்' எனலாம். 'கவிகைக்கீழ்த் தங்கும் உலகு' (குறள் 389) என்று குடைக்கே கவிகை என்று பெயர். நானோவையும் விட்டுவிடுங்கள். அதன் கிரேக்க வேர் குள்ளனைக் குறிக்கும். தமிழில் குறளும் குள்ளன்தான். குறள் + துகள் = குறட்டுகள்.
— தமிழாசிரியர்

ஐயா, கவிபொருளை மாணவர் பாட்டின் பொருள் என்று படிப்பார்கள். குடை மேலே மட்டும் கவியும். இது எல்லாப் பக்கமும் சூழ்வது. 'குறட்டுகள்' பல் பிடுங்கும் குறடாகிவிடும். நானோ இருக்கட்டும். 'உறைப்பொருள்' போதும்.
— வேதியியல் ஆசிரியர்

உறை வேண்டவே வேண்டாம். அச்சில் 'ப்' விழுந்தால் உறைபொருள், வினைத்தொகை. பாலுக்கு உறை ஊற்றினால் நடப்பது நினைவுக்கு வரும். இந்தப் பொருள் தடுப்பதே அந்தத் திரளலைத்தான்! சாறு போதாவிட்டால் துகள்கள் ஒட்டித் திரளும். பழுப்பு நிறம் சாம்பலாகும், அடியில் கறுப்பாகப் படியும். 420 நானோமீட்டர் அருகே நிற்கும் ஒளி உறிஞ்சல் முகடு அகன்று நீண்ட அலைப்பக்கம் நகரும். காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் குழாய்த் தண்ணீர் எடுத்தால் வரும் வெண்கலங்கல் வேறு. அது குளோரைடு செய்யும் வேலை. இரண்டையும் ஒரே குறையாக எழுதிவிடாதீர்கள், அம்மா. 'போர்த்துபொருள்' எளிது.
— ஆய்வகப் பொறுப்பாளர்

எனக்கும் சரி.
— வேதியியல் ஆசிரியர்

போர்த்துபொருள் என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் கேப்பிங் ஏஜென்ட் என்றும் சேர்க்கிறேன்.
— மொழிபெயர்ப்பாளர்

போடுங்கள் அம்மா, ஆனால் நான் ஒப்பவில்லை. குடிநீர் என்றால் குடிக்கப்படும் நீர். அப்படியே போர்த்துபொருள் என்றால் போர்த்தப்படும் வெள்ளி என்றுதான் படிப்பேன். கவிபொருளுக்கு இந்தத் தொல்லை கிடையாது.
— தமிழாசிரியர்