பச்ச சாணிய நேரா மண்ணுல போடலாமா?

கேள்வி:
வீட்டுக்குப் பின்னாடி ஒரு சென்ட் இடம், சுக்கா காஞ்சுபோன செம்மண்ணு, கத்தரி மொளகா வைக்கலாம்னு பாத்தா மம்முட்டியே எறங்க மாட்டேங்குது. பக்கத்துல மாட்டுக்காரர் சாணி சும்மாவே தர்றேங்கறாரு, ஆட்டுப் புழுக்கையும் கெடைக்குது. எத எவ்ளோ போடறது?

பதில் 1:
பச்ச சாணி வேணாங்க, சூடு ஏறி வேர் கருகிடும், களை விதையும் கூடவே வரும். நெழல்ல குவிச்சு காஞ்ச எல, சமையல்கட்டு கழிவு எல்லாம் மாத்தி மாத்தி போட்டு ஈரம் காயாம பாத்துக்கங்க, அப்பப்ப கெளறி விட்டா மூணு நாலு மாசத்துல பொலபொலன்னு கருப்பா ஆயிடும், சாணி வாடையே இருக்காது. அப்ப போடுங்க.

பதில் 2:
பெரியவங்க சொல்வாங்கல்ல, ஆட்டு எரு அந்த வருசம், மாட்டு எரு மறு வருசம்னு, அது சரிதான். புழுக்கைல தழைச்சத்து ஜாஸ்தி, அதனால சீக்கிரம் வேல தெரியும், மாட்டெரு மண்ணையே மெதுவா மாத்தும். ரெண்டும் கலந்து ரெண்டு இஞ்ச் கனத்துக்கு பரப்பி கொத்தி விடுங்க. கோழி எரு மட்டும் கம்மியா, அதுவும் நல்லா மக்குனதுதான்.

பதில் 3:
தென்னை இருக்கா பக்கத்துல? இருந்தா எருக்குவியல்ல உஷாரு, தென்னங்குருத்த கொடஞ்சு தின்னுற காண்டாமிருக வண்டு அங்கதான் முட்ட வைக்கும். கெளறும்போது வெள்ளையா குண்டா இங்கிலீஷ் 'C' எழுத்து மாதிரி சுருண்ட புழு வந்தா பொறுக்கி கோழிக்கு போட்டுருங்க.

கேட்டவர்:
ரெண்டு தென்னை இருக்கு சார் 😟 குவியல தள்ளி வச்சுக்கறேன்.

பதில் 3:
வண்டு பறந்து வரும்ங்க, தள்ளி வச்சா போதாது. அந்தப் புழுவ கொல்ற மெட்டாரைசியம்ங்கற பூஞ்சாணம் உரக்கடைல கேளுங்க, எருல கலந்து விடலாம்.